ரயில் ஓட்டுக்குப் போன இரண்டு வேட்பாளர்கள்

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு புரட்டாசி மாதம், குறுவை அறுவடை நேரம். தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் பி.ஏ. வரலாறு கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்வது வீட்டுக்கு. உண்மையில் அந்த மாதம் முழுக்க மாணவர் பேரவைத் தலைவர் பதவிக்கு ஓட்டுக் கேட்டுக்கொண்டு அலைந்தேன்.

இதைப் படிக்கிற கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பேரவை என்றால் என்னவென்று தெரியாமல் போகலாம். சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வகுப்பும் ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும். பிரதிநிதிகள் எல்லாரும் சேர்ந்தால் அது பேரவை. அதற்குத் தலைவரையும் செயலாளரையும் மட்டும் கல்லூரி முழுக்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும். நிற்கிறவனுக்கு வருகைப் பதிவு குறையக் கூடாது, தோற்ற பாடம் பாக்கி இருக்கக் கூடாது, முன்மொழிய ஒருவனும் வழிமொழிய ஒருவனும் வேண்டும். ஜெயித்து வந்த பிறகு மாதம் ஒருமுறை பேரவையைக் கூட்டலாம். மாணவர் குறைகளைத் தீர்மானமாக எழுதிப் பிரின்ஸிபாலிடம் கொடுக்கலாம். அவர் அதை வாங்கி மேஜையில் வைத்துக்கொள்ளலாம். அதிகாரம் அவ்வளவுதான். அந்த அதிகாரத்துக்காக அந்தக் காலத்தில் மண்டைகள் உடைந்திருக்கின்றன.

பேரவைக்குள் நுழைவது எப்படி என்றும் சொல்ல வேண்டும். நான் நுழைந்த வழி யாருக்கும் பயன்படாது. எங்கள் வகுப்பில் இரண்டு பெரிய சாதிக்காரர்கள் சரிபாதியாக இருந்தார்கள். ஒருவர் ஆளை இன்னொருவர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். என் சாதியில் அந்த வகுப்பிலேயே நான் ஒருவன்தான். என்னால் யாருக்கும் ஆபத்தில்லை என்று இரண்டு தரப்பும் கூடிப் பேசி, கையைத் தூக்கி என்னைப் பிரதிநிதி ஆக்கினார்கள். என் திறமையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நான் இரண்டு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையில்தான் தலைவர் பதவிக்கே மனுப் போட்டேன்.

என் எதிராளி விஷயமே வேறு. ஆளுங்கட்சியின் மாணவர் அணியில் இருந்தான். தோளில் கரைபோட்ட துண்டு, கணீரென்ற குரல். அவனுடைய தாய்மாமா மாயவரம் பக்கத்தில் கட்சியில் பெரிய ஆள், நிலபுலனும் உண்டு. ஹாஸ்டல் குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதைக்கூட அவன் ‘வறண்ட தொண்டைகளின் வரலாற்றுக் குமுறல்’ என்றுதான் சொல்வான். நானும் சளைத்தவனில்லை. என் நோட்டீஸின் முதல் வரியே ‘ஆதிக்கக் கோட்டையைத் தகர்ப்போம், வீட்டுக்கு ஒருவர் வாரீர்’ என்றுதான் இருந்தது. கோட்டை என்று நான் சொன்னது ஹாஸ்டல் சமையற்கட்டை. அந்தக் காலத்து மேடைத் தமிழ் அப்படி. சாம்பாரில் உப்பில்லை என்பதற்கும் எங்களுக்கு ரத்தம் கொதித்தது.

கல்லூரியில் ஓட்டு மூன்று வகை. ஹாஸ்டல் ஓட்டு, டவுன் ஓட்டு, ரயில் ஓட்டு. ரயில் ஓட்டு என்றால், மாயவரம் பக்கமிருந்து காலை பாசஞ்சர் வண்டியில் வந்து மாலை வண்டியில் திரும்புகிறவர்கள். பூதலூர்ப் பக்கமிருந்து வருகிறவர்களும் ரயில்காரர்கள்தான். ஆனால் அவர்கள் ஆளுக்கொரு பக்கம் போடுவார்கள். மாயவரத்து வண்டி அப்படியில்லை. மொத்தமாக ஒரே பக்கம் விழும். அது எந்தப் பக்கம் என்று சொல்கிறவன் ஒருவன் இருந்தான்.

அவன் எந்தப் பதவிக்கும் நின்றதில்லை. அவனை ரயில்காரன் என்றே எல்லாரும் கூப்பிடுவோம், இங்கும் அப்படியே சொல்கிறேன். வண்டி கிளம்புகிற இடத்திலேயே ஏறி ஒரு பெட்டியை வளைத்துவிடுவான். ஆனால் உட்காருவதற்கு அவன் ஒரு முறை வைத்திருந்தான். நேற்று நின்றவன் இன்று உட்காரலாம், இன்று உட்கார்ந்தவன் நாளை நிற்க வேண்டும். கூடைக்காரிகள் ஏறினால் முறையெல்லாம் கிடையாது, அவர்களுக்கு இடம். சீட்டாட்டத்தில் தகராறு வந்தால் அவன் சொன்னதுதான் முடிவு. சண்டியர் வீட்டுப் பிள்ளைகூட முறை வந்தால் மூச்சுவிடாமல் எழுந்து நிற்பான். மாணவர் ஆட்சி என்று ஒன்று உண்மையில் நடந்தது அந்தப் பெட்டியில்தான். நாங்கள் அதை நடத்துவதாக நோட்டீஸ் போட்டுக்கொண்டிருந்தோம்.

ரயில்காரன் கூலி விவசாயி வீட்டுப் பிள்ளை. ஊருக்கு வெளியே வயலைத் தாண்டி இருக்கிற தெரு. அந்தத் தெருவிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். அந்த வருஷம் சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதித் தேறி, வேலை உத்தரவுக்குக் காத்திருந்தான். அப்பா, அம்மா, தங்கை மூன்று பேரும் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டு அவனைப் படிக்க வைத்தது அந்த ஒரு உத்தரவுக்காகத்தான். உத்தரவு வருவதற்கு முன்னால் போலீஸ் விசாரணை உண்டு. பேரில் வழக்கு என்று ஏதாவது இருந்தால் அதோடு முடிந்தது.

ஓட்டெடுப்புக்கு ஒரு வாரம் இருந்தது. வழக்கம்போல நானும் எதிராளியும் ஸ்டேஷன் வாசலில் ஆளுக்கொரு பக்கம் நோட்டீஸோடு நின்றோம். வண்டி வந்தது. ரயில்காரர்கள் இறங்கினார்கள். வழக்கமாகக் கூச்சலும் கிண்டலுமாக வருகிற கூட்டம் அன்றைக்கு வாயைத் திறக்காமல் வந்தது. நடுவில் அவனைக் காணோம்.

“எங்கடா உங்க தலைவர்?” என்றான் எதிராளி.

“புடிச்சுட்டுப் போயிட்டாங்க” என்றான் ஒருவன். “விடியக்காலைல வேன்ல வந்து, தெருவுல இருந்த ஆம்பளைங்க அத்தன பேரையும் அள்ளிட்டுப் போயிட்டாங்க. இவன் வாய்க்கால்ல குளிச்சுட்டு ரயிலுக்குக் கெளம்பிக்கிட்டிருந்தான். சட்டைப் பையில உங்க ரெண்டு பேரு நோட்டீசும் இருந்துச்சாம். வண்டில குடுக்க வச்சிருந்தது. அதப் பாத்துட்டு இவன்தான் தலைவன்னு முன்னாடி உக்கார வச்சிருக்காங்களாம்.”

விஷயம் இதுதான். அந்த ஊரில் அறுவடைக் கூலியில் தகராறு. கேட்ட நெல்லைக் கொடுக்க மாட்டேன் என்று நிலக்காரர்கள் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். முந்தின நாள் தெருக்காரர்கள் வரப்பில் நின்று மறித்தார்கள். கைகலப்பு ஆனது. அன்று மாலையே ஒரு வைக்கோல்போர் எரிந்தது. யார் கொளுத்தியது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. டெல்டா முழுக்க அப்போது அப்படித்தான் இருந்தது. அறுவடை வந்தால் அரிவாளுக்கு முன்னால் போலீஸ் வேன் வயலுக்கு வந்துவிடும்.

நானும் எதிராளியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு பேர் மனதிலும் ஓடியது ஒன்றேதான். இவனை மீட்டுக்கொண்டு வருகிறவனுக்கு ரயில் ஓட்டு மொத்தமும் விழும். நட்பு, மனிதாபிமானம் எல்லாம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பஸ் ஸ்டாண்டுக்கு நாங்கள் ஓடிய வேகம் மனிதாபிமானத்தின் வேகமல்ல.

இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் ஏற முடிந்தது, ஒரே சீட்டில்தான் இடம் கிடைத்தது. கும்பகோணம் தாண்டியதும் அவன் சொன்னான்: “நீ சும்மா கூட வா ஹிஸ்டரி. நான் பேசிக்கிறேன். எங்க மாமா பேரச் சொன்னாப் போதும், இன்ஸ்பெக்டரு எழுந்து நிப்பாரு.”

“நீ சட்டம் படிச்சிருக்கியா?”

“நீ படிச்சிருக்கியா?”

“அரசியலமைப்பு இந்த வருஷம் ஒரு பேப்பர் இருக்கு.”

“புஸ்தகம் வாங்கிட்டியா?”

இந்தக் கேள்விக்கு நான் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்தேன். பாதி அறுத்தும் பாதி அறுக்காமலும் கிடந்தது. தலை சாய்ந்து தண்ணீரில் கிடந்த கதிரில் முளை கண்டிருந்தது.

காவல் நிலையத்தின் எதிரே ஒரு புங்கமரம். அதன் கீழே தெருப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் குந்தியிருந்தார்கள். அழுது முடித்த முகங்கள். அவர்களோடு ஒரே ஒரு ஆண். கையில் தூக்குச்சட்டியோடு நின்றுகொண்டிருந்தார். எங்கள் வேட்டி சட்டையைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

“தம்பிங்க காலேஜ்ல இருந்து வர்றீங்களா? எம் மவன் உங்ககூடத்தான் படிக்கிறான்.”

ரயில்காரனின் அப்பா. முந்தின நாள் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க வேறு ஊர் போயிருந்ததால் அவர் அகப்படவில்லை. சேதி தெரிந்து, சோறு எடுத்துக்கொண்டு நேரே இங்கே வந்திருந்தார்.

“நீங்கதான் அங்க தலைவருங்களா?”

“இன்னும் இல்லீங்க. நிக்கிறோம்” என்றேன்.

“ரெண்டு பேருமா?”

“ஒருத்தருக்கு எதிரா ஒருத்தர்.”

அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். “ஒண்ணாத்தான வந்துருக்கீங்க?” என்றார்.

உள்ளே போனோம். பின்பக்க அறையில் சட்டையில்லாமல் வரிசையாகத் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். முதல் வரிசையில் ரயில்காரன். கீழுதடு வீங்கி ஒரு பக்கம் தொங்கியது. எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் தோளில் கைவைத்து அழுத்தினார். உட்கார்ந்துவிட்டான். கையைக் காட்டினால் பெட்டியே எழுந்து நிற்கும், அப்படி நாங்கள் பார்த்த ஆள்.

இன்ஸ்பெக்டர் கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. எங்களை உட்காரச் சொன்னார். நோட்டீஸை எடுத்து மேஜையில் போட்டார்.

“ஆதிக்கக் கோட்டையைத் தகர்ப்போம். இது எந்தக் கோட்டைங்க தம்பி?”

“ஹாஸ்டல் மெஸ் சார்” என்றேன்.

“வீட்டுக்கு ஒருவர் வாரீர்?”

“ஓட்டுப் போடறதுக்கு சார்.”

எதிராளியின் நோட்டீஸை எடுத்தார். “குருதியில் எழுதுவோம் நம் கோரிக்கையை. என்ன கோரிக்கை?”

“லைப்ரரில ரெண்டு ஃபேன் வேணும் சார்” என்றான் எதிராளி. அவ்வளவு சின்னக் குரலில் அவன் பேசி நான் கேட்டதில்லை.

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவரும் சிரித்தார். எங்களுக்கும் சிரிப்பு வந்தது. பின்பக்க அறையில் யாரும் சிரிக்கவில்லை.

“சரி, ஸ்டூடண்டுதான்னு தெரிஞ்சுபோச்சு. இப்ப என்ன செய்யச் சொல்றீங்க?”

நான் சட்டம் பேசினேன். சந்தேகத்தின் பேரில் ஒருவரைக் கைது செய்வதற்கு என்னென்ன முகாந்திரம் வேண்டும் என்று ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“லா காலேஜா?”

“பி.ஏ. வரலாறு சார்.”

“வரலாறுதான? நாங்க எழுதி முடிச்சதும் படிச்சுக்கலாம்.”

அடுத்தது எதிராளியின் முறை. துண்டைச் சரிசெய்துகொண்டு மாமாவின் பேரைச் சொன்னான். இன்ஸ்பெக்டர் எழுந்து நிற்கவில்லை. நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“நீங்க அவரு மருமகனா? காலைல இங்கதான் இருந்தாரு. எத்தன பேரப் புடிச்சீங்கன்னு கேட்டாரு. பத்தாது, இன்னும் நாலு பேரக் கொண்டாங்கன்னு சொல்லிட்டுப் போனாரு.”

எதிராளியின் காது சிவந்தது. எரிந்த வைக்கோல்போரும் வெளியூர் ஆட்களும் யாருடையவை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவனுக்கும் அப்போதுதான் உறைத்தது என்றே நினைக்கிறேன்.

“ஒரு உதவி செய்றேன்” என்றார் இன்ஸ்பெக்டர். “இன்னும் பேரு எழுதல. மத்தியானம் எழுதி, மூணு மணிக்கு வேன்ல ஏத்தி மாஜிஸ்திரேட்டுகிட்டக் கொண்டுபோகணும். பையன் படிக்கிறவன், உத்தியோகம் வரப்போவுதுன்னு சொல்றீங்க. அவன் பேர விட்டுர்றேன். ஆனா மேலிடத்துக்கு எண்ணிக்கையக் காலைலயே போன்ல சொல்லியாச்சு. பேரு சொல்லல, எண்ணிக்கதான் சொல்லிருக்கு. பேர மாத்தலாம் தம்பி. எண்ணிக்கைய மாத்த முடியாது.”

“புரியல சார்” என்றேன்.

“இவன் போனா ஒரு எடம் காலியாவும். அதுக்கு அந்தத் தெரு ஆளா ஒருத்தன் வேணும். போயிக் கூட்டிக்கிட்டு வாங்க.”

கடைக்குப் போய் வெற்றிலை வாங்கி வா என்பதைப்போலச் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை என்பதை இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. மூன்று வாரமாக நாங்களும் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தோம். ஹாஸ்டலில் இத்தனை, டவுனில் இத்தனை, ரயிலில் இத்தனை. இத்தனைக்குள் யார் யார் இருந்தார்கள் என்று நாங்கள் எங்கே பார்த்தோம்?

வெளியே வந்தோம். எதிராளி மரத்தடிக்குப் போகாமல் சுவர் ஓரமாக நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

“எவனப் போய்க் கேக்கறது? கேக்கற விஷயமா இது?” என்றான்.

“மணி என்ன?”

“ஒன்றரை இருக்கும்.”

அப்பா எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். “என்ன சொன்னாரு?”

எதிராளிதான் சொன்னான். அலங்காரம் எதுவும் இல்லாமல், நாலே வாக்கியத்தில் சொன்னான். அவன் வாழ்க்கையில் பேசிய மிகச் சின்னப் பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

அவர் கேட்டுவிட்டு, தூக்குச்சட்டியைக் கீழே வைத்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் இறுக்கிக் கட்டினார். யோசிக்க எடுத்துக்கொண்ட நேரம் அவ்வளவுதான்.

“நான் இருக்கேன்ல” என்றார்.

“வேணாம் பெரியவரே” என்றான் எதிராளி. “ஜெயிலுக்கு அனுப்புவாங்க. அடிப்பாங்க. கேஸ் வருஷக்கணக்கா இழுக்கும். இருங்க, நான் இன்னொருதரம் பேசிப் பாக்குறேன்.”

“பேசி என்னா தம்பி? நான் படிக்கப் போறேனா, உத்தியோகம் பாக்கப் போறேனா? எம் பேரு எதுல இருந்தா என்னா? இது நாள்வரைக்கும் எந்தக் காயிதத்துலயும் அது நல்லதுக்கு இருந்ததில்ல.”

மரத்தடியில் இருந்து ஒரு அம்மாள் எழுந்து ஓடிவந்தாள். ரயில்காரனின் அம்மா. “நீயும் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?” என்று அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் கையை உதறவில்லை. “அவன் வெளில வருவான்ல. அவன வச்சுக்க” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “சோத்த உள்ள இருக்கவங்களுக்கும் பகுந்து குடுக்கச் சொல்லுங்க தம்பி. காலைலேந்து யாரும் ஒண்ணும் தின்னுருக்க மாட்டாங்க” என்று தூக்குச்சட்டியை என் கையில் கொடுத்தார்.

எதிராளி அவரை முந்திக்கொண்டு உள்ளே ஓடினான். நான் பின்னால் போவதற்குள் இன்ஸ்பெக்டரிடம் ஒரு பொய் சொல்லிக்கொண்டிருந்தான். பெரியவருக்கு நெஞ்சு வலி உண்டு, தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியம் நடக்கிறது, உள்ளே ஏதாவது ஆனால் பேப்பரில் வந்துவிடும், எங்கள் மாணவர் அணியே ரோட்டுக்கு வந்துவிடும். மாமாவை எதிர்த்து, கட்சியை எதிர்த்து, தன் அணியின் பேரில் அவன் அடித்த அந்தப் பொய்யை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் அதற்குள் உள்ளே வந்து நின்றுவிட்டார். நாள் முழுக்க வயலில் குனிந்து நிமிர்ந்த உடம்பு, மரத்தில் செதுக்கியதைப்போல. இன்ஸ்பெக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“நெஞ்சு வலியா ஒனக்கு?”

“இல்லீங்க” என்றார் அவர்.

ரயில்காரனை எழுப்பி, சட்டையைக் கொடுத்து அனுப்பினார்கள். என்ன நடக்கிறதென்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சட்டையில் கையை நுழைத்துக்கொண்டே வந்தவன், வாசற்படியில் அப்பாவைப் பார்த்தான். அவன் வெளியே வர, அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போக, அந்தக் கதவு இரண்டு பேர் ஒரே நேரத்தில் போகிற அகலமில்லை. ஒருவருக்கு ஒருவர் வழிவிட்டு ஒதுங்கினார்கள். அப்புறம்தான் அவனுக்குப் புரிந்தது.

“யப்பா, நீ எங்க வர்ற?”

“போடா.”

“நான் இருக்கேன். நீ வெளில போ. சார், நான் இருக்கேன் சார்.”

அவர் கையை ஓங்கினார். காலேஜ் படிக்கிற பிள்ளையை, அத்தனை போலீஸ்காரர்களுக்கு முன்னால். “அடிச்சுப்புடுவேன். போடான்னா போ. திரும்பிப் பாக்காத.”

அவன் போகவில்லை. எதிராளியும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தோம். மரத்தடிக்கு வந்ததும் எங்கள் கையை விடுவித்துக்கொண்டான்.

“யாரு பேசி முடிச்சது இத?”

நாங்கள் இருவரும் எதற்கும் உரிமை கொண்டாடுகிறவர்கள். கல்லூரி வாசலில் தண்ணீர்ப் பந்தல் வைத்தது நான் என்பேன், அவன் தான் என்பான். ஒரு தடவை கல்லூரிக்கு மழை விடுமுறை விட்டதற்குக்கூட இரண்டு பேரும் நன்றி அறிவிப்பு ஒட்டினோம். அன்றைக்கு அந்த மரத்தடியில் இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை. ரயில்காரன் அம்மாவின் பக்கத்தில் போய் மண்ணில் உட்கார்ந்தான். உள்ளே கொடுத்த தூக்குச்சட்டி காலியாகத் திரும்பி வந்தது. மூன்று மணிக்கு வேன் கிளம்பிற்று. கம்பி வலைக்குள் யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. பெண்கள் கொஞ்ச தூரம் பின்னால் ஓடினார்கள். அவன் எழுந்திருக்கவே இல்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் நிறைய இடம் இருந்தது. ஆனாலும் எதிராளி என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான்.

தேர்தல் நடந்தது. நாங்கள் இருவரும் அதற்குப் பிறகு ஸ்டேஷன் பக்கம் போகவில்லை. ரயில்காரன் நாலைந்து நாள் கழித்து வண்டியில் வந்தான். யாருக்குப் போடலாம் என்று பெட்டியில் கேட்டிருக்கிறார்கள். அவங்கவங்க இஷ்டம் என்று சொல்லிவிட்டானாம். முதல்முறையாக ரயில் ஓட்டு சிதறியது. டவுன் ஓட்டில் எதிராளி ஜெயித்தான். நான் தோற்றேன். இதில் யாரும் வியந்ததாகத் தெரியவில்லை.

பேரவை கூடியபோது புதுத் தலைவர் முழங்குவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவன் எழுந்து ஒரே ஒரு தீர்மானம் படித்தான். கோர்ட்டுக்குப் போகிற நாட்களில் ரயில்காரனுக்கு வருகைப் பதிவு கொடுக்க வேண்டும். முன்மொழிகிறேன் என்றான். வகுப்புப் பிரதிநிதி என்ற முறையில் நான் வழிமொழிந்தேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரே பக்கம் கைதூக்கியது அன்றைக்குத்தான். ஜாமீனில் வந்த அப்பாவுக்கு வாய்தா மேல் வாய்தாவாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் மகன் கூடவே போய்க் கோர்ட்டுத் தாழ்வாரத்தில் நின்றான். பரீட்சைக்கு உட்காரத் தேவையான வருகை குறைந்துகொண்டே வந்தது.

தீர்மானத்தைப் பிரின்ஸிபாலிடம் கொண்டுபோனோம்.

“கேஸ் இவன் பேர்ல இருக்கா?” என்றார்.

“இல்ல சார். அவங்க அப்பா பேர்ல” என்றான் தலைவன்.

“அப்ப இவன் எதுக்குப் போகணும்?”

வறண்ட தொண்டைகளின் வரலாற்றுக் குமுறல் பேசியவன், ஒரு விளக்கமும் சொல்லவில்லை. “போகணும் சார்” என்றான். அவ்வளவுதான். பிரின்ஸிபால் கையெழுத்துப் போட்டார். அந்த வருஷம் எங்கள் பேரவை செய்த காரியம் அது ஒன்றுதான். லைப்ரரிக்கு ஃபேன் வரவில்லை. மெஸ் சாம்பாரும் மாறவில்லை.

ரயில்காரனுக்கு வேலை உத்தரவு வந்தது. பேரில் ஒன்றும் இல்லை என்று போலீஸ் எழுதிக் கொடுத்தது. வடக்கே ஏதோ ஒரு மாவட்டத்தில் போய்ச் சேர்ந்தான். வழக்கு அதற்குப் பிறகும் நடந்தது. ஆதாரம் இல்லை என்று எல்லாரையும் விடுதலை செய்தபோது அப்பா உயிரோடு இல்லை. ஜெயிலில் வாங்கிய அடியில் இடுப்பு போய், கடைசி இரண்டு அறுவடைக்கு அவரால் வயலில் இறங்கவே முடியவில்லை என்று கேள்விப்பட்டேன். எதிராளி மாமா வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை என்றும் கேள்விப்பட்டேன். பிறகு கட்சியை விட்டானா, கட்சி அவனை விட்டதா, தெரியாது. சாலியமங்கலம் பக்கம் உரக்கடை வைத்திருந்தான். ஒரு தடவை பஸ்ஸில் பார்த்துக்கொண்டோம். நலம் விசாரித்தோம். அந்த நாளைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

ரயில்காரனை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன்? எனக்கும் வயதாகிவிட்டது, சங்கம், கமிட்டி, குழு என்று எத்தனையோ இடங்களில் உட்கார்ந்து எழுந்துவிட்டேன். எங்கேயாவது யாராவது எழுந்து, எங்கள் முயற்சியால் இன்னாரை மீட்டோம் என்று சொல்லும்போது கூட்டம் கைதட்டும். என் கையும் பழக்கத்தில் மேலே எழும். ஆனால் தட்டுவதற்கு முன்னால், அந்தக் காலியான இடத்தில் இப்போது யாரை உட்கார வைத்திருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசிக்காமல் இன்றுவரை என்னால் கைதட்ட முடிந்ததில்லை.